செவ்வாய்க்கிழமை வெயில்

இன்பராஜ் சார் என் பெயரைச் சொல்லாமல் இருந்தால் போதும். வரவேற்புரையில் சொல்லிவிடுவார் என்று பயந்தேன், சொல்லவில்லை. குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுவார் என்று தூணை ஒட்டிய நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன், கூப்பிடவில்லை. இப்போது திரையில் முதல் படம் விழுந்துவிட்டது. கோடைக்கால வானிலை முன்னோட்டம், ஏப்ரல் முதல் ஜூன் வரை. மஞ்சள் எழுத்து. ஜன்னல்களைச் சாத்தித் துணி போட்டிருக்கிறார்கள், இருந்தும் விளிம்புகளில் வெயில் வெள்ளைக் கோடாக நிற்கிறது. பத்தரை மணிக்கே இப்படி. முப்பத்தைந்து இருக்கும், முப்பத்தைந்தரை. பார், மறுபடியும். யாரும் கேட்காதபோதும் மனசு எண் போட்டுப் பார்க்கிறது. போடாதே. இனிமேல் நீ எண் போடக் கூடாது. இந்தப் பண்ணையின் பயிற்சிக் கூடத்தில் அறுபது பேர் இருக்கிறார்கள். முருங்கை வைத்தவர்கள், கம்பு விதைத்தவர்கள், ஆடு கோழி வளர்ப்பவர்கள். இந்தக் கோடை எப்படி இருக்கும் என்று கேட்டுப் போக வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்போகும் எண்களை இருபத்திரண்டு வருஷமாக எடுத்துக் கொடுக்கிறவள் நான். அவற்றில் மூன்று எண்கள் நான் பார்க்காதவை. நான்காவது நான் பார்த்ததுதான், ஆனால் அதை வேறொரு நாளின் தலையில் வைத்துவிட்டேன். இந்தக் கூடத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இரண்டு வரிசை முன்னால், பச்சைச் சேலையில், பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் நாச்சம்மாளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவள் தலை குனிந்திருக்கிறது. குனிய வேண்டியது என் தலை.

இந்தக் கூடத்துக்குப் பின்னால், வேலி போட்ட புல்தரையில், நான்கு கால்களின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. காற்று நுழையும், வெயில் நுழையாது, அப்படிச் சட்டம் சட்டமாகச் சாய்த்து அடித்த பெட்டி. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் புறாக்கூடா மிஸ் என்பார்கள். உள்ளே படுத்தவாக்கில் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் கழுத்து ஓரிடத்தில் மயிரிழையாகக் குறுகியிருக்கும். வெயில் ஏற ஏறப் பாதரசம் அந்தக் கழுத்தைத் தாண்டி ஓடும். சாயங்காலம் வெயில் இறங்கினாலும் அதனால் திரும்பி வர முடியாது, போன இடத்திலேயே நிற்கும். மறுநாள் காலை எட்டரைக்கு நான் போய்ப் பார்த்து, நேற்றைய உச்சம் இவ்வளவு என்று எழுதுவேன். எழுதிவிட்டுக் குழாயை வெளியே எடுத்து, கையை நீட்டி, மூன்று தடவை உதறுவேன். உதறினால்தான் இறங்கும். ஒருநாள் விட்டுவிட்டால் இரண்டு நாளில் எது பெரியதோ அது நிற்கும். நான்கு நாள் விட்டால் நான்கில் பெரியது நிற்கும். அது எந்த நாளுடையது என்று குழாய்க்குத் தெரியாது. அதனால்தான் நாள் தவறக் கூடாது பிள்ளைகளே என்று சொல்லுவேன். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். கம்பத்தில் தானியங்கிக் கருவி ஒன்று இருக்கிறது, அது போன ஆடிக் காற்றில் கெட்டது, சரிசெய்ய இன்னும் ஆள் வரவில்லை. ஆகவே குழாயும் நானும்தான். ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். பெட்டிக் கதவைத் திறக்கும் முன் எவ்வளவு இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். முப்பத்தாறு புள்ளி நான்கு. திறந்தால் முப்பத்தாறு புள்ளி ஆறு. பெரும்பாலும் அரை டிகிரிக்குள் வந்துவிடும். வாட்ச்மேன் மாசிலாமணி பார்த்துவிட்டு, "உங்களையே பொட்டிக்குள்ள படுக்க வெச்சுரலாமாட்ட இருக்குதே மேடம்" என்பான். சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வேலையில் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நான் சோம்பேறி இல்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அதுதான்.

இன்பராஜ் சார் அழகாகப் பேசுகிறார். இந்தப் பண்ணையின் வானிலை அதிகாரி, முப்பத்துநான்கு வயசு, சட்டையின் முழுக்கையை மடக்கமாட்டார், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். "நம்ம பகுதிக்குக் கடல் காத்து வந்து சேர்றதுக்குள்ள காஞ்சிரும். மேற்க கணவாய்க் காத்து வைகாசி கடைசியிலதான் எட்டிப் பாக்கும். நடுவுல இருக்கற இந்த ரெண்டு மாசம் நாமளும் வெயிலும்தான்." பின்வரிசையில் யாரோ, "எங்கூட்டுக்காரியும்" என்கிறார். சிரிப்பு. பகல் வெப்பம் இயல்பைவிட ஒன்று முதல் ஒன்றரை டிகிரி கூடுதலாக இருக்கும் என்கிறார். ராத்திரியும் இறங்காது. கோடை மழை ஏப்ரல் கடைசியில் ஒன்றிரண்டு, இடியோடு, இந்தக் காட்டில் பெய்தால் அடுத்த காட்டில் பெய்யாது. அத்தனையும் சரி. அத்தனையும் அவர் உழைத்து எடுத்தது. உழைத்தவரின் சாப்பாட்டில் நான் மண்ணைப் போட்டிருக்கிறேன், அவர் ருசித்துச் சாப்பிடுகிறார். மாசிலாமணி மோர் கொண்டுவருகிறான். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். "குளுகுளுன்னு இருக்குது, குடிங்க" என்கிறான். குளுகுளு. அந்தச் சொல் என் காதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. டம்ளரின் வெளிப்புறம் நீர் பூத்திருக்கிறது. அங்கே வேன் கண்ணாடி இப்படித்தான் பூத்திருந்தது. அக்கா விரலால் அதில் தன் பெயரை எழுதினாள். அறுபது வயசில்.

கொடைக்கானல். சொல்லிவிட்டேன், மனசுக்குள்தானே. அக்கா வீட்டில் எல்லோரும் வேன் பிடித்துப் போனார்கள், ஒரு இடம் காலி, வாடி தமயந்தி, நாற்பத்தெட்டு வயசாகிறது, குளிர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா என்றாள். தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக வெயிலை மட்டும் அளந்தவள். விடுப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குப் பதிலாகப் பார்க்க ஆள் வேண்டும், ஆள் கிடையாது, ஆகவே கிடைக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாசிலாமணியிடம் சொல்லியிருக்கலாம், ஒரு வாரம் கற்றுக்கொடுத்தால் பார்த்துவிடுவான். ஆனால் என் பெட்டியை அவன் திறப்பதா. இதுவும் எனக்குள் இருந்ததுதான். திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பார்த்து, எழுதி, உதறி, ஒன்பது மணிக்கு வேன் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. வேன் மலை ஏறும்போது காது அடைத்துக்கொண்டது. மேலே இறங்கியதும் வாயிலிருந்து புகை வந்தது, என் வாயிலிருந்து. அக்காவின் பேரப்பிள்ளைகள் சுற்றிக்கொண்டு, சின்னப் பாட்டி நீங்கதானே ஆபீசர், இங்க எத்தனை டிகிரி சொல்லுங்க என்றார்கள். பன்னிரண்டு என்றேன். ஒரு கடைக்காரர் வைத்திருந்த கருவியில் போய்ப் பார்த்தார்கள், பன்னிரண்டு. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது. பச்சைக் கேரட்டைத் தழையோடு கடித்துக்கொண்டு நடந்தேன். கடன் வாங்கிய ஸ்வெட்டர், நீலம், கழுத்தில் குத்தியது. மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, பனி மூட்டத்தில் நின்றுகொண்டு இன்பராஜ் சாருக்கு எண் அனுப்பினேன். நேற்றைய உச்சம் முப்பத்தேழு புள்ளி நான்கு. கண்ணை மூடி நம் ஊர் வெயிலை நினைத்து, தோலில் எவ்வளவு என்று பார்த்து அனுப்பினேன். என்ன திமிர். விரல்கள் விறைத்திருந்தன, எழுத்து தவறித் தவறி விழுந்தது. தோல் குளிர்ந்திருந்தால் ஊகமும் குளிர்ந்துதான் இருக்கும் என்று அந்தத் தோலுக்குள் இருந்த எனக்குத் தோன்றவில்லை. புதன் காலை, செவ்வாய்க்கிழமை உச்சம் முப்பத்தேழு புள்ளி எட்டு. வியாழன் காலை, புதன்கிழமை உச்சம் முப்பத்தெட்டு புள்ளி ஆறு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், பங்குனி நடுவில் அப்படித்தான் ஏறும். ஒவ்வொரு தடவையும் அவர் "நன்றி மேடம்" என்று பதில் போட்டார். கூடவே ஒரு கும்பிடு படம்.

வெள்ளிக்கிழமை காலை. அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்க்கிறேன், மனசு அங்கேயே வந்து முட்டுகிறது. வியாழன் ராத்திரி திரும்பிவிட்டேன், காலையில் குளித்து, பொட்டு வைத்து, எட்டரைக்குப் பெட்டியைத் திறந்தேன். திறக்கும் முன் விளையாட்டையும் ஆடினேன். முப்பத்தெட்டரை என்றேன். குழாயில் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. மறுபடி பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். நான் இல்லாத நான்கு நாளில் ஏதோ ஒரு நாள் வெயில் நாற்பத்தொன்றைத் தாண்டிப் போயிருக்கிறது, பாதரசம் அங்கேயே எனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. எந்த நாள்? மூன்று நாளுக்குத்தான் எண் அனுப்பியாகிவிட்டதே. மீதி இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான். வியாழக்கிழமைக்குப் போட்டேன். போடும்போதே, முள்வேலிப் பக்கம் மாசிலாமணி வந்து நின்று, "மூணு நாளா ஆளையே காணம்? செவ்வாக்கெழம தார் உருகி செருப்பு ரோட்டோட ஒட்டிக்கிச்சு மேடம். நேத்துதான் பரவால்ல, மேகம் கட்டி நாலு தூத்தல் போட்டுச்சு" என்றான். நேற்று என்றால் வியாழன். தூறல் போட்ட வியாழன். அந்த நாளின் கட்டத்தில் என் பேனா நாற்பத்தொன்று புள்ளி இரண்டு என்று எழுதி முடித்திருந்தது, மை ஈரமாக இருந்தது. சார் ஃபோன் செய்தார். "மேகம் இருந்த மாதிரி இருந்துச்சே மேடம், நல்லா பாத்தீங்களா?" "ரெண்டு தடவ பாத்தேன் சார்" என்றேன். உண்மைதான். இரண்டு தடவை பார்த்தேன். ஒரு உண்மையை எடுத்து ஒரு பொய்யின் மேல் மூடி போட்டேன். பிறகு குழாயை உதறினேன். மூன்று உதறலில் இறங்கவில்லை, ஐந்து தடவை உதற வேண்டியிருந்தது. தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது, தைலம் போட்டேன், தைலம் போட்டுக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

அதோடு நின்றிருந்தால் நான் மறந்துகூடப் போயிருப்பேன், மனுஷ மனசு அப்படிப்பட்டது. போன வாரம் நாச்சம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். சார் வெளியூர் போயிருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்கம்மிணி, வெயில் கணக்கு இங்கதான் எழுதுவீங்ளாம். அந்தச் செவ்வாக்கெழம எவ்வளவுங்க?" எதற்கு என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவளிடம் இருநூறு நாட்டுக்கோழி, தகரக் கொட்டகை. வெயில் ஏறினால் பக்கவாட்டில் தொங்கும் சாக்குகளைத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும், அது அவள் வேலை. அந்தச் செவ்வாய் மத்தியானம் நூற்று முப்பது கோழி வாயைப் பிளந்துகொண்டு செத்துவிட்டன. "நாலு தடவ நனச்சனுங்கம்மிணி. பன்னண்டுக்கு ஒருக்கா, அப்பறம் மணிக்கு ஒருக்கா. நனச்ச சாக்கு நான் திரும்பி நடக்கறதுக்குள்ள காஞ்சு போச்சுங்க. எங்கூட்டுல நம்ப மாட்டீங்கறாங்க. டீவி பாத்துட்டே தூங்கிட்டேங்கறாங்க. அவரு பேசறதே இல்லீங்க. மாமியா பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க. வெயில் இத்தனைன்னு நீங்க ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா போதுங்க, காட்டிருவேன்." நான் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் அவளும் நானும் மட்டும்தான். "முப்பத்தேழு புள்ளி எட்டு" என்று படித்தேன். "அது ஜாஸ்திங்ளா, கம்மிங்ளா?" என்று கேட்டாள். சாதாரணந்தான் என்றேன். சாதாரணந்தான். என் வாய் அதைச் சொன்னது. அவள் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த எண்ணில் தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பவள் மாதிரி. பிறகு, "அப்படிங்ளா" என்றாள். சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். வெறுங்காலோடு, அந்தத் தரையில். கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன், செருப்பைப் போட்டுக்குங்க என்று. அதைக்கூடச் சொல்லவில்லை.

திரையில் படம் மாறுகிறது. மார்ச் கடைசி வாரம். நீலக் கோட்டில் புள்ளிகள். என் புள்ளிகள். மூன்று படி ஏறி நான்காவதில் ஒரே தாவல். அறுபது பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். கொடைக்கானல் பனியில் நின்றுகொண்டு கட்டைவிரலால் போட்ட புள்ளிகள் இப்போது ஆள் உயரத்துக்கு எரிகின்றன. "பாருங்க" என்கிறார் சார், குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு. "படிக்கட்டு மாதிரி ஏறுது. திடீர்னு மேல போயிறல. மூணு நாள் நமக்கு அறிகுறி காட்டிட்டுத்தான் நாலாவது நாள் தாண்டுது. இந்தக் கோடையில நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது இதுதான். முப்பத்தெட்டைத் தொட்டா உங்களுக்கு ஒருநாள் அவகாசம் இருக்குது. அன்னைக்கே சாக்கு, தண்ணி, நிழல் எல்லாம் தயார் பண்ணிருங்க." சிலர் எழுதிக்கொள்கிறார்கள். எழுதாதீர்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பவரிடம், "ஒருநாள் டைம் இருக்குதாமா" என்கிறார். இல்லை ஐயா. இல்லவே இல்லை. அது வெயிலின் படிக்கட்டு இல்லை, என் பயத்தின் படிக்கட்டு. எவ்வளவு ஏற்றினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து வைத்த படி. காது மடல் எரிகிறது. இந்தச் சூட்டை எந்தக் குழாயில் பார்ப்பது. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்கிறார் சார். நாச்சம்மாள் எழுந்திருக்கிறாள். வேண்டாம், உட்கார், உட்கார் அம்மா. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறாள். "ஏனுங் சார், அந்தச் செவ்வாக்கெழம நெசமாலுமே அவ்வளவு தானுங்களா?" சார் குச்சியை இரண்டாவது புள்ளியில் வைக்கிறார். "முப்பத்தேழு எட்டுங்க." "எங்க கோழி செத்துச்சுங்." "நோயாக்கூட இருக்கலாம்மா, டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" ஆண்கள் பக்கத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி, எழுந்திருக்காமலே, "நோயும் இல்ல ஒண்ணும் இல்லீங் சார், சீரியல் நோய்" என்கிறார். கூடமே சிரிக்கிறது. அவருக்கும் சிரிப்பு வருகிறது, வந்ததும் நின்றுவிடுகிறது, அவரும் நூற்று முப்பது கோழியைக் குழி தோண்டிப் புதைத்தவர்தானே. நாச்சம்மாள் திரையைப் பார்க்கிறாள். பிறகு, யாரிடமும் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "அப்ப நான் தூங்கித்தான் போயிட்டனாட்ட இருக்குது" என்கிறாள். "நாலு தடவ நனச்ச மாதிரி இருந்துச்சு. கெனாவா இருக்கும்."

கனவாம். அவள் தன் கையையே நம்பாமல் போய்விட்டாள். வாளி தூக்கிய கையை, சாக்கு பிழிந்த கையை. நான் கொடுத்த எண்ணை நம்பிவிட்டாள். நான் பார்க்காததை நான் பார்த்தேன் என்று எல்லோரும் நம்புகிறார்கள், அவள் செய்ததை அவள் செய்தாள் என்று அவளே நம்பவில்லை. சாருக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சங்கடமாகிவிட்டது, ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடுகிறார், தேடி, ஐயோ, என் பக்கம் திரும்புகிறார். "அம்மா, இந்த எண்ணெல்லாம் மெஷின் போட்டது இல்லீங்க. இருபத்திரண்டு வருஷமா ஒருநாள் விடாம, மழையோ காய்ச்சலோ, எட்டரை மணிக்கு நேர்ல போய்ப் பாக்கறவங்க இங்கதான் இருக்காங்க. தமயந்தி மேடம், கொஞ்சம் எந்திரிங்க." எழுந்திருக்கிறேன். நாற்காலி தூணில் இடித்துச் சத்தம் போடுகிறது. கைதட்டுகிறார்கள். அதே சத்தம், பன்னிரண்டு டிகிரிக்குத் தட்டிய அதே சத்தம். நாச்சம்மாளும் திரும்பி, பையைக் கக்கத்தில் வைத்தபடியே, எனக்குத் தட்டுகிறாள். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். கை கும்பிடத்தான் போகிறது. உட்கார்ந்துவிட்டால் நாளை எட்டரைக்கு மறுபடி பெட்டியைத் திறக்கலாம், முப்பத்தெட்டு புள்ளி ஏதோ ஒன்று. யாருக்கும் தெரியாது. அவளுக்குக்கூட. அவளுக்கு இனி எப்போதுமே தெரியாது. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. "சார், நான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஊர்லயே இல்ல" என்கிறேன். கைதட்டலில் அமுங்கிப் போகிறது. சார் சிரித்தபடி, "என்ன மேடம்?" என்கிறார். அப்படியானால் இரண்டாவது தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை சொன்னதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். "நான் கொடைக்கானல்ல இருந்தேன் சார். திங்கள், செவ்வாய், புதன், மூணு நாள் எண்ணும் நானா அனுப்புனது. பாத்து அனுப்புனது இல்ல. வியாழக்கிழமைக்குப் போட்டது வியாழக்கிழமையோடது இல்ல." மின்விசிறி சுற்றுகிறது. மாசிலாமணி மோர்த் தட்டோடு நடு வழியில் நிற்கிறான். சாரின் குச்சி இன்னும் இரண்டாவது புள்ளியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எடுக்க மறந்துவிட்டார். பின்வரிசையில் ஒரு குரல், "அடேங்கப்பா, அங்க குளுருங்களா?" என்கிறது. ஓரிருவர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எழுதிக்கொண்டவர்கள் எழுதியதை என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். நாச்சம்மாள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். "அப்ப அன்னைக்கு எவ்வளவுங்கம்மிணி?" என்று கேட்கிறாள். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே கேள்வி. கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "தெரியாதுங்க" என்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு எண், அதை எடுத்துவைக்க வேண்டியவள் கேரட் தின்றுகொண்டிருந்தாள், அது இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. "அந்த நாலு நாள்ல ஒரு நாள் நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு அடிச்சிருக்குது. அது மட்டும் நிஜம், நான் கண்ணால பாத்தேன். எந்த நாள்னு குழாய்க்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமுங்க" என்கிறாள் நாச்சம்மாள். கூடத்தின் அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆறுச்சாமியைப் பார்த்துச் சொல்கிறாள். என்னைப் பார்க்கவில்லை.